தங்கச்சியை அனுப்ப முடியாத காரணம்

எங்கள் ஊர் அம்மன் எங்கள் ஊர்ப் பெண் இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். அவளுடைய அண்ணன்மார் வண்டி நிறையப் பருத்தி ஏற்றிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினார்களாம். தங்கச்சியும் கூட வருவேன் என்று நின்றாளாம். வண்டியில் உட்கார இடம் இல்லாததால் பின்னாலேயே நடந்து வந்தாள். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரைக்கு வந்ததும் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "நீங்க முன்னால போங்கண்ணே, நான் செத்த நேரம் உக்காந்துட்டு வாரேன்" என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். பருத்தியை விற்றுவிட்டு அவர்கள் திரும்பியபோது மரத்தடியில் ஒரு கல்தான் இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தார்கள். வரவில்லை.

இன்றும் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு பங்குனித் திருவிழாவுக்கும் அண்ணன் ஊர்க்காரர்கள் சேலை, வளையல், மஞ்சளோடு வருவார்கள். மாட்டுவண்டி போய் இப்போது குட்டியானை வேன் வருகிறது. ஊர் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "எங்க தங்கச்சியக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம், அனுப்பி வைங்க" என்று மூன்று தடவை கேட்பார்கள். மூன்றாவது தடவை முடிவதற்குள் எங்கள் ஊர் ஒரு காரணம் சொல்ல வேண்டும். முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது. அவர்கள் ஒத்துக்கொண்டால் சீரை அம்மனுக்குக் கொடுத்து, எங்களோடு சாப்பிட்டுப் போவார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அம்மனின் கரகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த பங்குனி வரை அம்மன் அங்கேதான். என் மாமனார் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தடவை அப்படிப் போய்விட்டதாம். அது யாரால் போனது என்று இன்றைக்கும் டீக்கடையில் சண்டை வரும்.

அன்று தண்ணீர் கொடுத்தது எங்கள் வீடு என்பதால் காரணம் சொல்வது எங்கள் வீட்டுப் பெண்ணின் பொறுப்பு. நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து, அத்தை என்று நான் கூப்பிடும் என் மாமியார் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். கண்மாய் நிறைந்த வருஷம், "இம்புட்டுத் தண்ணியப் பாத்தவ அந்தக் காஞ்ச ஊருக்கு வருவாளா?" என்றார். இன்னொரு வருஷம், "போன தடவ குடுத்த சேல ஒரே அலசுல சாயம் போயிருச்சு. முதல்ல நல்ல சேலையா எடுத்துட்டு வாங்க, அனுப்புறதப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். கொரோனா சமயத்தில் நாலைந்து பேர் மட்டும் வந்தார்கள். அப்போதும் விடவில்லை. "மாஸ்க்க மூக்குக்குக் கீழ போட்டுருக்கவுக கூடப் பொட்டப்பிள்ளைய அனுப்ப முடியாது."

போன வருஷம் அத்தைக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. சத்தம் போட்டுப் பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தப் பங்குனிக்குப் பொறுப்பு என்னிடம் வந்தது.

நான் டவுன்பஸ்ஸில் "நிறுத்துங்க" என்று சொல்லவே கூச்சப்படுகிறவள். எங்கள் நிறுத்தத்தில் வேறு யாரும் இறங்காவிட்டால் அடுத்ததில் இறங்கி நடந்து வருவேன். சிம்மக்கல்லில் ஒரு மொத்தக்கடையில் மிளகாய் வற்றல் பொட்டலம் போடுகிறேன். அங்கே பேச வேண்டிய அவசியம் அதிகம் இல்லை. அந்த வேலை எனக்குப் பிடித்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

"நீ வாயத் தொறக்குறதுக்குள்ள அவுக கரகத்தத் தூக்கிட்டுச் செக்கானூரணி தாண்டிருவாங்க" என்றார் என் வீட்டுக்காரர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மன் என்னால் போய்விட்டாள் என்று டீக்கடையில் காலத்துக்கும் பேசுவார்களே.

காரணத்தை அத்தைதான் யோசித்தார். ஊருக்கு வரும் ரோட்டைத் தோண்டி ஜல்லி கொட்டி மாதக்கணக்காக அப்படியே கிடந்தது. "ஜல்லி குத்தும், பிள்ள பாதம் தாங்காது" என்று சொல்ல வேண்டும். தினமும் அடுப்படியில் சொல்லிப் பார்த்தேன். அத்தை எதிரே உட்கார்ந்து, இன்னும் சத்தமாக, இன்னும் சத்தமாக என்று கையை மேலே மேலே தூக்குவார்.

திருவிழா அன்று காலையில் என் மகள் வந்தாள். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டியூட்டி முடித்து அப்படியே பஸ் ஏறி வந்தவள், ஷூவைக் கழற்றியதும் பாயில் விழுந்தாள். சாயங்காலம் அண்ணன் ஊர்க்காரர்கள் வரும் நேரம் ஆனது. "பிள்ளைய எழுப்பு" என்றார் வீட்டுக்காரர். பக்கத்தில் போனேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு காலில் சாக்ஸைக் கூடக் கழற்றவில்லை. எழுப்ப மனசு வராமல் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தேன்.

எல்லைக் கல்லில் கூட்டம் நெரிந்தது. அந்தப் பக்கம் உறுமி, கொட்டு, வேன், சீர்த்தட்டு. அவர்கள் ஊர்ப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதல் தடவை கேட்டார். மைக் செட்காரர் மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினார். நான் எச்சில் விழுங்கியது ஸ்பீக்கரில் கேட்டது. இரண்டு பக்கமும் சிரித்தார்கள்.

"என்னத்தா, இந்த வருஷம் ஊமைப் பிள்ளைய நிறுத்திட்டாகளா?" என்றார் பெரியவர். இரண்டாவது தடவை கேட்டார். நான் "ரோடு..." என்று ஆரம்பித்தேன்.

"ஏய், ரோடு சரியில்லன்னு மட்டும் சொல்லிராதீக! அந்த ஜல்லியிலதான் நாங்க அம்புட்டுப் பேரும் வேன விட்டு எறங்கி நடந்து வந்தோம். எங்க பாதமெல்லாம் என்ன இரும்பா?" என்று அவர்கள் கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார். உறுமி ஒரு இழுப்பு இழுத்தது. அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு முழித்தார். எங்களிடம் இருந்தது அந்த ஒரு காரணம்தான்.

மூன்றாவது தடவை கேட்டார். கரகத்தை மரத்தடியிலிருந்து எடுத்து வர இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

"அவ தூங்குறாண்ணே" என்றேன். "அலுத்துப் போய்த் தூங்குறா. எழுப்ப மனசு வரல."

நான் மெதுவாகத்தான் சொன்னேன். வயல் முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.  பெரியவர் தன் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"வண்டியில ஏத்தாம அம்புட்டுத் தூரம் நடக்கவிட்டது நம்மதானப்பா" என்றார். "தூங்கட்டும். கொட்ட நிறுத்து."

கொட்டு நின்றது. மைக் செட்டும் அணைந்தது. சீர்த்தட்டுகளை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்கு எல்லோரும் சத்தமில்லாமல் நடந்தோம். அப்படி ஒரு ஊர்வலத்தை நான் பார்த்ததில்லை. உறுமிக்காரர் உறுமியைக் கையால் பொத்திக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. ஒருவருக்குத் தும்மல் வந்தது. பக்கத்தில் இருந்தவர் அவர் வாயைப் பொத்தினார்.

மரத்தடிக்கு வந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. தூங்குகிறவளுக்கு எப்படிச் சேலை கட்டுவது? பூசாரி மணியைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் அடிக்க மாட்டேம்ப்பா. தூங்குறான்னு சொன்னவுகளே எழுப்பட்டும்" என்று கிசுகிசுத்தார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கல்லுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது ஒரு விதம்தான். பரீட்சைக் காலத்தில் மகளை எழுப்புவதுபோலக் கல்லின் அடியில் லேசாகத் தட்டி, "ஏத்தா... எந்திரி. அண்ணன்மாரு வந்திருக்காக" என்றேன்.

"இப்பிடி எழுப்புனா முழிச்சிருக்கவுகளுக்கும் தூக்கம் வந்திரும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு அங்கேதான் வெடித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி மணியை அடித்தார். பொத்தி வைத்திருந்த கொட்டெல்லாம் ஒரே நேரத்தில் முழங்கியது.

சேலை கட்டி முடிப்பதற்குள் என் மகள் ஓடிவந்தாள். கன்னத்தில் பாய்க்கோடு, அதே ஒற்றைச் சாக்ஸ். "அவுக வந்துட்டாகளா? ஏம்மா என்னைய எழுப்பல?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினாள்.

பெரியவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிதான். ரெண்டு பேரும் இப்பத்தான் எந்திரிச்சாகளாக்கும்" என்றார்.

பந்தியில் நானே அவருக்குப் பரிமாறினேன். "அடுத்த வருஷமும் நீதான் சொல்லணும்த்தா. ஆனா தூங்குறான்னு சொல்ல முடியாது, பாத்துக்க" என்று இலையைப் பார்த்தபடியே சொன்னார். தலையாட்டிவிட்டு இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அத்தை டாக்டர் சொன்னதையும் மீறி வாயைத் திறந்தார். "சத்தம் பத்தல" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

எனக்கு இன்னும் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித்தான் நடந்து வருகிறேன். ஆனால் இப்போது அந்த நடை சலிப்பதில்லை. தங்கச்சியை அடுத்த வருஷம் என்ன சொல்லி நிறுத்திவைப்பது என்று வழியில் கண்ணில் படுவதையெல்லாம் பார்த்துக்கொண்டே வருகிறேன். ரோட்டைப் போட்டுவிட்டார்கள். கண்மாயில் தாமரை முளைத்திருக்கிறது. பூக்கும் வரை அவள் எங்கேயும் வர மாட்டாள் என்று சொல்லலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது.