மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே

பண்பொழியில் வீட்டிலிருந்தே தையல் தைக்கும் சந்தனமாரிக்குத் தன் கண்மேல் ஒரு சந்தேகம் உண்டு. தை மாதத்தில் பொழுது சாய்ந்தபின் காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனால், வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே ஒரு புள்ளி மட்டும் கலங்கித் தெரியும். ஊசியில் நூல் கோத்துக் கோத்துப் பார்வை போய்விட்டது என்று நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்த கணவன் இசக்கிதுரை, செருப்புப் பெட்டி அளவில் ஒரு தொலைநோக்கி வாங்கினான். கண் வைத்துப் பார்க்க வேண்டாம்; அதுவே வானத்தைத் தேடிப் படமெடுத்து செல்போனுக்கு அனுப்பிவிடும்.

"அந்த மூணுக்குக் கீழ இருக்கது நெபுலா. வாயுவும் தூசியும் சேந்த மேகம்" என்றான்.

சந்தனமாரி மனதுக்குள் கணக்குப் போட்டாள். அது மேகம்தான் என்றால் கண்ணில் குறையில்லை. ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

ஆனால் மலையிலிருந்து இறங்கிய மழைமேகம் பல நாள் விலகவில்லை. வானம் தெளிந்தது அவன் ரயிலேறுவதற்கு முந்தின நாள்தான். தொலைநோக்கியை இருட்டிய மாடிக்குக் கொண்டுபோய் அதன் மூன்று கால்களையும் விரித்து வைத்தான். செல்போனில் வெறும் சாம்பல் நிறம்.

"கடைக்காரன் பழுதானதத் தலையில கட்டிட்டான். காலைல திருப்பி அனுப்பிருவோம்."

சந்தனமாரி தண்ணீர்த்தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொன்னால் திட்டுவான், சொல்லாவிட்டால் அந்த மேகம் கைவிட்டுப் போய்விடும்.

"ஏங்க, இது வந்த அன்னைக்கு நாந்தான் சந்தனம் வச்சேன்."

"வச்சா நல்லதுதான. எங்கன வச்ச?"

"பைக்குக்கு எங்கன வைப்போம்? ஹெட்லைட்டுலதான. இதுக்கும் முன்னால கண்ணாடில வச்சேன்."

டார்ச் அடித்துப் பார்த்தான். கண்ணாடி நடுவில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். சிரிப்பில் அவனுக்குப் புரையேறியது.

"ஏட்டி, கும்பிட்டுட்டு கண்ண அடைச்சிட்டியே."

ஈரத்துணியால் அவளே பதமாகத் துடைத்தாள்.

செல்போனில் படத்தின் மேல் படமாகச் சேர்ந்தது. முதலில் ரவை சிந்தியதுபோல் புள்ளிகள். பிறகு நடுவில் ஒரு வெளிச்சம். அதிலிருந்து ரோஜா நிறத்தில் இரண்டு சிறகுகள் மெல்ல விரிந்தன.

"அங்கன புது நட்சத்திரம் பொறந்துக்கிட்டு இருக்குதாம். இந்த வெளிச்சம் புறப்பட்டே ஆயிரம் வருசத்துக்கு மேல ஆவுது."

அவள் அண்ணாந்தாள். அதே கலங்கிய புள்ளி. இத்தனை காலமும் இந்தத் துணிக்கொடிக்கு மேலேதான் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருந்திருக்கின்றன.

மறுநாள் இசக்கிதுரை ரயிலேறினான்; தொலைநோக்கி வீட்டிலேயே இருந்தது. இருட்டியதும் அதை அவளே மாடிக்குத் தூக்கிப்போனாள். பொட்டு வைக்காமல் படமெடுக்க மனம் வரவில்லை. கண்ணாடியைத் தொடாமல், அதன் மூன்று கால்களிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தாள்.