வால்வுக்காரர் வீட்டுப் புதுநன்மை

எங்கள் சந்து தென்னூரில் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் வரும் வழியில் அதுதான் கடைசி. காவிரியும் கொள்ளிடமும் ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு காலிக் குடத்தோடு நிற்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது எங்களிடம் தாராளமாக இருக்கிறது. இதில் கூடுதல் பெருமை, சந்தின் கோடி வீட்டில் இருக்கும் அற்புதசாமிக்கு வேலையே தெருத் தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுவதுதான். என்ன, எங்கள் தெருவுக்கு அல்ல, ஸ்ரீரங்கத்துக்கு.

வால்வு திறப்பது, உடைந்த குழாயை ஒட்டுவது, பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால் மிஷினோடு போய் எடுத்துவிடுவது, எல்லாம் அவர் தலையில்தான். காலையில் ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு போனால் பெரிய வீடுகளில் ராஜ மரியாதை. "வாங்கோ, வாங்கோ! நம்மாத்துக்குத் தீர்த்தம் சித்தே கூடுதலா சாதிக்கணும்" என்று எவர்சில்வர் டம்ளரில் நுரை ததும்பக் காப்பி வரும். மத்தியானம் அதே வீட்டுக்குச் சாக்கடை அடைப்பு எடுக்கப் போனால், "கொல்லைப் பக்கமா வந்துடுப்பா" என்பார்கள். காப்பி காகிதக் கப்புக்கு மாறிவிடும். கொடுப்பதும் அதே கை, வாங்குவதும் அதே கை.

"மரியாதை சாவிக்குங்க, எனக்கில்ல" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

இந்த மரியாதைக்கு அவர் செய்த கைம்மாறு ஒரு திருகல். பின்தெரு வால்வைப் பாதி மட்டும் திருகித் திறந்தால் முன்தெருவுக்கு முழுசாக ஏறும். முன்தெருவில்தான் பெரிய வீடுகளும், ஆபீசுக்குப் போன் போடத் தெரிந்த மனிதர்களும். பின்தெருவில் இருப்பவர்கள் யாராவது வந்து கேட்டால், "மேல பிரஷர் இல்லீங்கம்மா" என்று வானத்தைப் பார்ப்பார். கேட்டவர்களும் வானத்தைப் பார்ப்பார்கள். அங்கே என்ன தெரியும்? பேசாமல் போய்விடுவார்கள்.

தென்னூரில் இதே சேவையை எங்களுக்குச் செய்தவர் ஹாலித் பாய். நாங்களும் வேண்டிய மட்டும் வானத்தைப் பார்த்திருக்கிறோம்.

அற்புதசாமியின் மனைவி லூர்துராணிக்குத்தான் இது பொறுக்கவில்லை. "ஊருக்கெல்லாம் திறக்கிற கை, நம்ம வீட்டுக் குழாய்னா மட்டும் சுளுக்கிக்குதா?" என்று கேட்பார். "அது என் ஏரியா இல்ல ராணி" என்பார் இவர். கவர்னர் பேசுகிற மாதிரி இருக்கும்.

இப்படியே ஓடிய வண்டி, மகள் பிரான்சியின் புதுநன்மையில் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வெள்ளை கவுனும் முக்காடும் போட்டுக்கொண்டு கோயிலில் முதன்முதலாக நன்மை, அதாவது சாமியார் கையால் நற்கருணை அப்பம், வாங்கும். பூசை முடிந்ததும் வீட்டில் பிரியாணி. பங்குக் கோயில் ஜனம் முழுக்கச் சொல்லியாயிற்று. மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்திருக்கும் லூர்துராணியின் அண்ணன் ஸ்டீபன்ராஜ் போனில் கேட்டார்: "தண்ணிக்கு என்ன பண்றீங்க மாப்பிள்ளை? மில் டேங்கர வேணா அனுப்பட்டுமா?"

பேச்சு என்னவோ தேன்தான். ஆனால் போனை வைத்ததும் லூர்துராணி அழுதுவிட்டார். "எங்க அண்ணன் லாரி நம்ம வாசல்ல நின்னா அப்புறம் நான் தலை நிமிர முடியாதுங்க. தண்ணிக்காரன் பொண்டாட்டின்னு சொல்லிச் சொல்லியே சிரிப்பாங்க. இந்த ஒரு நாளைக்காவது நம்ம குழாய்ல தண்ணி வரணும்."

அற்புதசாமி ஒரு பாக்கெட் பிளம் கேக் வாங்கிக்கொண்டு ஹாலித் பாயைப் பார்க்கப் போனார். துணைக்கு நான். ஸ்ரீரங்கத்துப் பெரிய மனிதர்கள் தன்னிடம் எப்படிக் குழைவார்களோ அப்படியே அவர் குழைந்ததைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஹாலித் பாய் கேக்கை வாங்கிக்கொண்டார். பிறகு வானத்தைப் பார்த்தார். "மேல பிரஷர் இல்லண்ணே."

அற்புதசாமிக்குச் சுருக்கென்றது. "என்கிட்டயேவா பாய்?"

"ஏன், உங்களுக்கு மட்டும் வேற வானமா?" என்றார் ஹாலித். "கொள்ளிடக்கரைப் பின்தெருவுலதான் எங்க அக்கா இருக்கு. உங்க ஏரியா. குடத்தோட அடி நனையற அளவுக்குக்கூட வர மாட்டேங்குதாம். போய்க் கேட்டா யாரோ ஒரு பெரிய மனுஷன் மேல பாக்குறாராம்."

அற்புதசாமிக்குக் காது சிவந்துபோனது. கடைசியில் இரண்டு பேரும் பேசி, இனி அவரவர் பின்தெரு வால்வை முழுசாகத் திருகித் திறப்பது என்று முடிவானது. சட்டப்படி செய்ய வேண்டியதும் அதுதான். அதற்கு இவ்வளவு பெரிய பேச்சுவார்த்தை தேவைப்பட்டது.

மறுநாளே ஹாலித்தின் அக்கா வீட்டில் அண்டா நிரம்பியது. முன்தெருவில் வழக்கமாக ஏறுகிற அளவு ஏறவில்லை. அங்கே காப்பி முதலில் ஆறிப் போய் வந்தது, அப்புறம் வரவே இல்லை. காலையிலும் அற்புதசாமிக்கு 'வாங்கோ' போய் 'வந்துடுப்பா' ஆகிவிட்டது. "போகட்டுங்க, எனக்கும் சுகருதான்" என்றார் என்னிடம்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, பிரான்சி மெழுகுவர்த்தியும் கையுமாக வீட்டு வாசல் பந்தலுக்குள் வந்தாள். ஸ்டீபன்ராஜ் பட்டு வேட்டியோடு முன்வரிசையில் உட்கார்ந்து, வீட்டுக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல் தவறாமல் ஹாலித் பாய் வால்வை முழுசாகத் திருகினார்.

வாழ்நாளில் அவ்வளவு தண்ணீரைக் கண்டிராத குழாய் அது. அதன் இணைப்பு ஒன்று பந்தலுக்கு எதிரிலேயே ஒரு பள்ளத்தில் இருந்தது. முன்னொரு நாள் அது கசிந்தபோது, சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டி, "இது நூறு வருஷம் தாங்கும்" என்று சொன்னவர் அற்புதசாமிதான். சொட்டுத் தண்ணீர் வருகிற குழாய்க்கு அது தாங்கியிருக்கும். இப்போது பட்டென்று அறுந்தது. பந்தல் உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்து, நேராக ஸ்டீபன்ராஜின் பட்டு வேட்டியில் விழுந்தது.

ஒரே கூச்சல். அத்தனை பேரும் அற்புதசாமியைத்தான் பார்த்தார்கள். மனுஷருக்கு முகம் செத்துவிட்டது. புதுச் சட்டையோடு பள்ளத்தில் இறங்கி, ஒரு கையால் குழாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் போனை எடுத்தார். "பாய், மூடுங்க! உடனே மூடுங்க!"

"யாரக் கேட்டு மூடச் சொல்றீங்க?"

லூர்துராணி. புதுப் புடவை, தலையில் பூ, எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து நின்றார். "கைய எடுங்க அங்கேருந்து. அண்ணே, சும்மா உக்காந்திருந்தா எப்படி? அந்தக் காலி பிரியாணி அண்டாவ இப்படித் தள்ளு!"

அரிசி மில் முதலாளி எழுந்து அண்டாவைத் தூக்கினார். அதற்குப் பிறகு விருந்தாளி, வீட்டுக்காரர் என்ற பேதமே இல்லை. குடம், வாளி, டிரம், குழந்தை குளிக்கிற டப் என்று கைக்குக் கிடைத்ததோடு சந்தே திரண்டுவிட்டது. நானும் ஓடினேன். பிரான்சி முக்காட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, ஒரு சொம்போடு வந்து நின்றாள். லூர்துராணி எல்லாரையும் அதட்டிக்கொண்டே சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

போனில் ஹாலித் பாய் கத்திக்கொண்டிருந்தார். "அண்ணே, மூடிரவா? ஹலோ! மூடிரவா?"

அற்புதசாமி பள்ளத்தில் நனைந்தபடி நின்று மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு குழாயிலிருந்து கையை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க பாய்" என்றார். "வீட்டுல இன்னும் போதும்னு சொல்லல."