தோல் நிறம் என்று எழுதிய பாட்டில்

அந்தப் பாட்டிலைப் பார்த்தாலே கலவையக்காவுக்குக் குமட்டும். கட்டைவிரல் உயரம், வெள்ளை மூடி, உள்ளே பல் தேய்த்துத் துப்பிய நுரையில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்ததுபோல் இளஞ்சிவப்பாக ஒரு குழம்பு. லேபிளில் ‘தோல் நிறம்’ என்று அச்சிட்டிருந்தது. யாருடைய தோல்? பட்டறையில் ஒருவருக்கும் அந்தத் தோல் இல்லை. தெருவில் இறங்கித் தேடினாலும், தீக்காயம் ஆறி வருகிற இடத்தில் வேண்டுமானால் கிடைக்கும்.

கட்டப்போகும் கட்டடங்களைச் சின்ன உருவில் செய்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கொடுக்கும் பட்டறை அது. அட்டை வெட்டுவதற்கு ஒருவர், மரம் செடி ஒட்டுவதற்கு ஒருவர், பெயிண்ட் கலப்பதற்கு இவள். கலவையக்கா என்ற பெயரைப் பட்டறைதான் வைத்தது. அதற்கு முன் இடிபட்ட கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கூடத்தில் இருந்தாள். நசுங்கிய கதவுக்கு அடிக்கிற பெயிண்ட் நசுங்காத கதவோடு சேர்ந்துவிட வேண்டும். எது புதிது என்று தெரிந்தால் வேலை தோற்றது. அங்கே பழகிய கண்.

பள்ளிக்கூடத்தில் அவளைக் கரிச்சட்டி என்று கூப்பிட்டார்கள். வீட்டிலோ சித்தி ஒரு க்ரீமை வாங்கி வந்து தினமும் முகத்தில் அப்பிவிட்டு, “இன்னைக்குக் கொஞ்சம் தெளிஞ்சிருக்குடி” என்பாள். முகம் எரிந்து தோல் உரிந்ததுதான் மிச்சம். “தெளியறதுக்கு நான் என்ன குட்டைத் தண்ணியா சித்தி?” என்று ஒருநாள் டப்பாவைச் சாக்கடையில் எறிந்தாள். சித்தி ஒரு வாரம் பேசவில்லை. அந்த ஒரு வாரமும் முகம் எரியவில்லை.

இப்படிப்பட்டவளிடம்தான் ஒரு பள்ளித் தாளாளரின் வேலை வந்து சேர்ந்தது.

புதிய கட்டடத்தின் மாதிரி வேண்டும். பெற்றோர் கூடும் நாளில் திறந்துவைக்க வேண்டும். மைதானத்தில் குழந்தைகள், வாசலில் தாளாளரே நிற்க வேண்டும். கலவையக்காவின் மகள் அந்தப் பள்ளியில்தான் மூன்றாம் வகுப்பு படித்தாள். சேதி கேட்டதும் அவள் குதித்தாள்.

“நானும் இருப்பேனாம்மா?”

“இருப்ப. ஊஞ்சல் பக்கத்துல, உன் சிவப்புப் பையோட.”

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜன்னல் வெளிச்சத்தில் மகளை உட்கார வைத்து, ஒரு வெள்ளை ஓட்டுத் துண்டில் பெயிண்ட் கலந்தாள். தோல் கலப்பதில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்று உண்டு: கறுத்த தோல் என்றால் உடனே கறுப்புப் பாட்டிலை எடுப்பார்கள். கறுப்பு கலந்தால் தோல் வராது, சாம்பல்தான் வரும். பிணம் மாதிரி இருக்கும். கறுத்த தோலுக்குக் கறுப்பு ஊற்றுகிறவன் தோலைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம். அவள் காவி மஞ்சளில் தொடங்கினாள். அதில் பழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். சிவப்பு ஒரு சொட்டு. கடைசியில், பல்குத்தும் குச்சி நுனியில் தொட்ட அளவு நீலம். பால் பதத்துக்குத் தண்ணீர். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம் காட்டும் என்பதால், மகளின் முழங்கைக்குக் கீழே ஒரு சொட்டு வைத்துக் காய விட்டாள்.

“கூசுதும்மா!”

“ஆடாத. இப்போ சொல்லு, சொட்டு எங்க இருக்கு?”

மகள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். “காணோம்மா! எங்க போச்சு?”

அந்தச் சிரிப்புக்காகவே மறுபடியும் மறுபடியும் சொட்டு வைத்து விளையாடினார்கள்.

கலவை முடிந்ததும் அதில் துளி வெள்ளை சேர்த்தாள். சின்ன உருவத்துக்கு முழு நிறத்தையும் அப்படியே அடித்தால் கனத்துத் தெரியும். கொஞ்சம் வெளுப்பாக்கினால்தான் கண் அதை உண்மை என்று நம்பும். இது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விதி. மிச்சக் கலவையைச் சின்னப் பாட்டிலில் அடைத்துக்கொண்டாள்.

பட்டறை முதலாளியும் அந்த விதி தெரிந்தவர்தான். அடித்து முடித்த குழந்தைகளைப் பார்த்துவிட்டு மூக்கைச் சுருக்கினார்.

“என்னம்மா இது, எல்லாம் அடுப்புல விழுந்து எழுந்த மாதிரி இருக்கு?”

“அந்த ஸ்கூல் பிள்ளைங்க இப்படித்தான் சார் இருக்காங்க. நான் தினமும் கேட்ல பாக்கறேன்.”

“சின்ன உருவத்துக்கு வெளுப்பாக்கணும்னு உனக்குத் தெரியாதா?”

“ஆக்கியாச்சு சார்.”

“இன்னும் ஆக்கு. தாளாளர் நல்ல கலரா கேட்டிருக்கார்.”

அவள் ஓர் உருவத்தை எடுத்து மேசையில் வைத்தாள். மைதானத்தின் ஓரத்தில் துடைப்பத்தோடு குனிந்திருக்கும் ஆயா. “அப்போ இந்த ஆயாம்மாவும் அதே அளவு சின்னதுதானே? இவங்களுக்கும் வெளுப்பாக்கட்டுமா?”

முதலாளி சிரித்தார். “அது எதுக்கு? ஆயாவுக்கு அது போதும்.”

கணக்கு வாத்தியார் ஒரு பையனுக்கு மட்டும் இரண்டும் இரண்டும் நாலு என்று சொல்லி, அடுத்தவனுக்கு மூன்று என்று சொன்னால் ஊரே கூடி அடிக்கும். நிறத்தில் அதையே செய்தால் ‘ரசனை’ என்று பெயர். துடைப்பம் பிடிப்பதில் ஒரு இழிவும் இல்லை. துடைப்பத்துக்கென்று ஒரு தோலைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்தான் அத்தனை இழிவும் இருக்கிறது.

அவளுக்கு நாக்கில் வந்ததைச் சொல்லியிருக்கலாம். வீட்டு நிலைமை நாக்கைப் பிடித்துக்கொண்டது. “மத்ததெல்லாம் உங்க இஷ்டம். அந்தச் சிவப்புப் பைக்காரியை மட்டும் விட்டுடுங்க சார். அது என் பொண்ணு” என்றாள்.

“ஒண்ணுதானே, இருந்துட்டுப் போகட்டும்.”

அந்த வாரம் முழுக்க அவள் தன் கையாலேயே குழந்தைகளை வெளுத்தாள். ஒவ்வொரு முகத்தையும் மூடும்போது சித்தியின் விரல்கள் தன் கன்னத்தில் ஊர்வதுபோல் இருந்தது. தாளாளரின் உருவத்துக்கும் அந்த இளஞ்சிவப்புப் பாட்டில்தான். நேரில் அவர் இவளைவிட ஒரு பிடி கறுப்பு. மதியம் கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனாள்.

“என்னக்கா, உடம்பு சரியில்லையா?” என்றார் அட்டை வெட்டுகிறவர்.

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. கைதான் நாறுது.”

திறப்பு நாளன்று, மாதிரியைக் கொண்டுவந்த வழியில் ஏதாவது உரசியிருந்தால் சரிசெய்ய, அவள் தூரிகைப் பெட்டியோடு பள்ளிக்கூடத்தின் பெரிய அறையில் நின்றாள். மகள் கூட்டத்தைத் துளைத்துக்கொண்டு ஓடிவந்து மேசை விளிம்பில் மோவாயை வைத்தாள். கண்ணாடி மூடியை இன்னும் பொருத்தவில்லை.

“அம்மா! ஊஞ்சல்கிட்ட நான்! ஐயோ, எவ்ளோ சிவப்பா இருக்கேன்!”

கலவையக்கா குனிந்து பார்த்தாள். சிவப்புப் பைக்காரியின் மேல் இளஞ்சிவப்பைத் தண்ணீர்கூடக் கலக்காமல் அப்பியிருந்தார்கள். கண் மூடிப்போயிருந்தது. வாய் இருந்த இடம் ஒரு மேடு. நிமிர்ந்தபோது, எதிரே முதலாளி மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளின் விரல் மைதானத்தின் மேல் ஊர்ந்து, ஓரத்தில் துடைப்பத்தோடு குனிந்திருந்த உருவத்துக்கு மேலே நின்றது.

“இது நீதானேம்மா?”

குழந்தையின் குரலில் கேலி இல்லை. மைதானம் முழுக்கத் தேடி, அம்மாவின் நிறத்தில் ஒன்றே ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோஷம்தான் இருந்தது.

கலவையக்கா பெட்டியைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை கலவை இருந்த பாட்டிலைக் குலுக்கினாள். சிவப்புப் பைக்காரியைப் பிடுங்கி எடுத்து, சின்னக் கத்தியால் முகத்து மேட்டைச் சுரண்டி, தூரிகையைத் தோய்த்தாள்.

“என்ன பண்ற நீ?” முதலாளி பல்லைக் கடித்தார்.

“சரிபண்றேன் சார். அதுக்குத்தானே கூட்டிட்டு வந்தீங்க?”

“அம்மா, நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் கெடுக்கற?” மகளுக்கு உதடு பிதுங்கியது. அதுதான் கலவையக்காவின் நெஞ்சில் தைத்தது. முதலாளியின் பல் அல்ல. ஆனாலும் தூரிகை நிற்கவில்லை. கன்னம், கழுத்து, இரண்டு கை. அதை மேசையில் வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த பையனை எடுத்தாள். பிறகு பந்து வைத்திருந்தவனை. பிறகு வாசலில் நின்ற தாளாளரை.

அதற்குள் தாளாளரே வந்துவிட்டார். “ஏம்மா, நல்லா இருந்த பொம்மையை... யாரும்மா நீ? கொடு அதை!”

“காயலை சார், தொடாதீங்க.”

அவர் பிடுங்கினார். ஈரப் பெயிண்ட் ஐந்து விரலிலும் அப்பிக்கொண்டது. அருவருப்போடு பொம்மையை மேசையில் போட்டுவிட்டுக் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். தாளாளர் அதில் நனைத்துத் துடைத்தார். விரலிடுக்கில் துடைத்தார், நகத்தடியில் துடைத்தார். பெற்றோர்கள் வட்டமாகக் கூடிவிட்டார்கள்.

“நாளையிலிருந்து பட்டறைப் பக்கம் வராத” என்று முதலாளி அவள் காதோரம் சீறினார்.

“இதை முடிச்சுட்டுப் போறேன். காத்துப் பட்டா கலவை கெட்டுடும்” என்றவள், துடைப்பக்காரியின் பக்கத்தில் நின்ற டையணிந்த ஆசிரியரைக் கையில் எடுத்தாள்.

மகள் அழுகையை நிறுத்தியிருந்தாள். அவள் மேசையைப் பார்க்கவில்லை. தாளாளரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொட்டு எங்கே என்று தேடிய அதே முகம். கைக்குட்டை முழுக்கப் பழுப்பாகிவிட்டது. அவர் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா,” என்றாள் அறை முழுக்கக் கேட்கும்படி, “அவ்ளோ துடைச்சும் அவருக்கு இன்னும் போகலையேம்மா!”