எஸ்தரக்காவின் பெயரில் நான் எழுதிய கடிதங்கள்

சிம்மக்கல்லில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது எஸ்தரக்காவின் தம்பி போன் செய்தான். "அக்கா போயிருச்சுக்கா" என்றான். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது.

ஜாம்பியாவில் ஒரு கிராமத்தில் நான்கு வருடம் நாங்கள் ஒரே அறையில் இருந்தோம். எனக்கு இருபத்துமூன்று வயது, அவருக்கு இருபத்தாறு. மிஷனெரி என்றதும் நீங்கள் என்னென்னவோ நினைப்பீர்கள். எங்களுக்கு விடிந்தால் அடிகுழாயில் வரிசை, பிறகு பள்ளிக்கூடம், பிறகு வெயிலில் வீடு வீடாக நடை. இரவுக்கு மக்காச்சோளக் களி. பார்த்தாலே எனக்குக் குமட்டும். "கண்ண மூடிக்கிட்டு முழுங்கு புள்ள. கர்த்தர் உன்னைய ருசி பாக்கவா அனுப்புனாரு?" என்பார். சொல்லிவிட்டு அவரும் பாதியில் வைத்துவிடுவார்.

மாதம் ஒருமுறை மதுரைப் பக்கத்துச் சபைகளில் இருக்கும் உங்களுக்கு, எங்களுக்காக என்னென்ன ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக் கடிதம் அனுப்ப வேண்டும். முதல் கடிதத்தை அக்கா எழுதினார். "புதிதாக யாரும் வரவில்லை. இருவருக்கும் மலேரியா. துணி துவைத்தோம். மிகவும் அலுப்பாக இருக்கிறது." எனக்குப் பதறிவிட்டது. இதைப் படித்தால் நம்மைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள் என்றேன்.

"அலுத்துப்போச்சுன்னு சொன்னாத்தானே புள்ள அதுக்காக ஜெபம் பண்ணுவாக?" என்றார்.

நான் கேட்கவில்லை. வேறு கடிதம் எழுதினேன். ஊரே கண்ணீரோடு மனந்திரும்பியதாகவும், அக்கா தலையில் கைவைத்து ஜெபித்ததும் பிள்ளைகளின் காய்ச்சல் பறந்ததாகவும் எழுதி, மூத்தவர் என்று அவர் பெயரையே கீழே போட்டேன். படித்துப் பார்த்தார். "யாரு புள்ள இந்த எஸ்தரு? அம்புட்டு நல்லா இருக்காளே! வந்து இந்த வாளியத் தூக்கச் சொல்லு" என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதன்பின் எல்லா மாதமும் நானே எழுதினேன்.

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் ஒரு தாய் காய்ச்சலில் துவண்ட மகளோடு அவர் வாசலுக்கு வந்து, தலையில் கைவையுங்கள் என்று அழுதாள். அக்கா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிள்ளை பிழைத்தது. "உன் கடுதாசிய நம்பி வந்திருக்கா ஜெயா. ரெண்டு நாளா வைத்தியம் பாக்காம இருந்திருக்கா" என்று என்னிடம் மட்டும் சொன்னார். வேறு யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் யாரையும் குணமாக்கல" என்று அவர் மேடைகளில் சொன்னதைத் தாழ்மை என்று நீங்கள் மெச்சினீர்கள்.

நேற்று பேரையூரில் அடக்க ஆராதனையில் அக்காவின் கடிதம் என்று போதகர் வாசித்ததைக் கேட்டு நீங்களெல்லாம் அழுதீர்களே, அந்தக் கடிதமும் நான் எழுதியதுதான். எழுந்து சொல்லியிருக்க வேண்டும். துணிச்சல் வரவில்லை. என்னை நீங்கள் ஏசலாம்.

காய்ச்சலோடு முனகிக்கொண்டே எழுந்து, "இன்னைக்கும் விடிஞ்சு தொலைஞ்சிருச்சே" என்று சலித்து, என் போர்வையை இழுத்து மூடிவிட்டு, என் முறைக்கும் சேர்த்துத் தண்ணீருக்குப் போன எஸ்தரக்காதான் என்னிடம் இருக்கிறார். நான்கு வருடமும் அவருக்கு அலுப்பாகத்தான் இருந்தது. அந்த அலுப்புக்காக உங்களில் ஒருவர்கூட ஜெபித்ததில்லை. நான் ஜெபிக்க விடவில்லை.