ஆமணக்கு தின்ற ஆடு

அக்காவுக்குக் கை ராசி என்று எங்கள் வீட்டில் முடிவானபோது எனக்குப் பத்து வயது. முடிவு செய்தவர், எங்களோடு இருந்த அத்தை. அடி அண்ணாமலையில் எங்கள் நிலத்தில் அந்த வருடம் மல்லாட்டை போட்டிருந்தோம். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. நடுவில் நாலு பாத்தியை அப்பா அக்காவின் பொறுப்பில் விட்டார். எனக்குக் கொடுத்தது வரப்போரம் சுற்றி நின்ற ஆமணக்குச் செடிகளை.

அக்காவின் பாத்தி பச்சைப்பசேலென்று இருந்தது. என் ஆமணக்கில்தான் ஊரிலுள்ள பூச்சியெல்லாம் வந்து முட்டையிட்டது. இலையைத் திருப்பினால் அடியில் பழுப்புப் பஞ்சு ஒட்டியதுபோல முட்டைக் குவியல். அந்த இலையைக் கிள்ளி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட வேண்டும். பள்ளிக்கூடம் போகுமுன் தினமும் எனக்கு இதே வேலை. அக்காவோ பாத்தி நடுவில் நின்று போட்டோவுக்குச் சிரிப்பாள், அப்பா அதை வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைப்பார். என் ஓட்டை இலைகளை யார் ஸ்டேட்டஸ் வைப்பார்கள்? எனக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "எனக்கு மட்டும் ஏம்பா பூச்சி வருது?"

"ஆமணக்கு வாசனைன்னா அதுக்கு ஜாஸ்தி புடிக்கும்மா. மோந்துகினே வந்து இதுல உக்காந்துடும், மல்லாட்டை பக்கம் போவாது" என்றார் அப்பா.

நல்ல பதில்தான். ஆனால் அதில் பாதிதான் என் காதில் ஏறியது. என் செடி இல்லாவிட்டால் பூச்சி அக்காவிடம் போகும் என்கிற பாதி.

அடுத்த பௌர்ணமிக்கு வீட்டில் எல்லோரும் கிரிவலப் பாதையில் நடப்பவர்களுக்கு மோர் ஊற்றப் போனார்கள். வயிற்று வலி என்று சொல்லி நான் நின்றுகொண்டேன். அரிவாளோடு போய், ஒரு செடி விடாமல் வெட்டி, கிணற்றுக்குப் பின்னால் தள்ளினேன். மறுநாள் அப்பா கேட்டபோது, "ஆடு மேஞ்சிடுச்சுப்பா" என்றேன்.

அப்பா குனிந்து, வெட்டுப்பட்ட தண்டுகளைப் பார்த்தார். "ஆடு ஆமணக்கு தின்னு இப்பத்தான் பாக்கறேன்" என்றார். கையைத் தட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்கிப் போனார். நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் அக்காவின் பாத்தி சல்லடையானது. மருந்தடித்தும் பாதிக்கு மேல் போய்விட்டது. அக்கா புழுவைப் பொறுக்கிக்கொண்டே அழுதாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி பொறுக்க உட்கார்ந்தபோதுதான் என்னவோ போலிருந்தது.

"புள்ளைமேல எவளோ கண்ணு வச்சிட்டா" என்றார் அத்தை. அக்காவையும் கூடவே என்னையும் உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பது அத்தையின் சாஸ்திரம். நெடி துளிகூட வரவில்லை.

"பாத்தியா, எம்மாங் கண்ணுன்னு!" அத்தை வாயில் கை வைத்தார். வராத நெடிக்கு நான் பலமாக இருமினேன், அதுவும் இரண்டு தடவை. அப்பா மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆட்டுக் கதையை அவர் நம்பவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த பட்டத்திலும் மல்லாட்டைதான். அக்காவுக்கு அதே நடுப் பாத்தி. அப்பா என்னைக் கூப்பிட்டு ஆமணக்கு விதையைக் கையில் கொட்டினார். "வரப்பு உன்னுதுதான், பாத்துக்கோ" என்றார்.

அப்பாவுக்குக் கோபம் தீரவில்லை, தண்டிக்கிறார் என்று அன்று முழுக்க அழுதேன். வெட்டியது யாரென்று தெரிந்தும், அக்காவின் பயிருக்குக் காவலாக அவர் என்னையே நிறுத்தினார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. இந்த முறையும் நல்லதெல்லாம் அக்காவுக்கே போய்விட்டது என்றுதான் பட்டது.