பூட்டிய பிறகு நகர்ந்த எண்

தொழிற்சாலையில் அவருக்கு இறுக்கி என்று பெயர். அவர் முடுக்கிய நட்டைக் கழற்ற வேறு இரண்டு பேர் வேண்டும். வீட்டில் குளியலறைக் குழாயை அவர் மூடிவிட்டுப் போனால், திரும்பி வரும்வரை வாளி காலிதான். சாப்பாட்டு டப்பா, பேனா மூடி, செருப்பு வார் எதுவும் அவர் கைக்குத் தப்பியதில்லை. கோபக்காரர் அல்ல. வைத்த பொருள் வைத்த இடத்தில் நிற்க வேண்டும் என்று நினைப்பவர்.

அவர் மனைவியும் அங்கே வேலை பார்த்தவள். பயிற்சிக் காலத்தில் மிஷினில் நின்றுவிட்டுப் பிறகு சோதனைப் பிரிவுக்குப் போனாள். அளவு தவறிய உருப்படியை முகம் பார்க்காமல் திருப்பி அனுப்புவாள். அதனால் அவளுக்குத் திருப்பி என்று பெயர் விழுந்தது. ஒரு நாள் இறுக்கி செய்து அனுப்பிய உருப்படித் தட்டு முழுவதையும் திருப்பினாள். அவர் சண்டைக்கு வந்தார். அவள் அளவு சோதிக்கும் கேஜை அவர் கையில் கொடுத்து, "நீங்களே போட்டுப் பாருங்க" என்றாள். போட்டுப் பார்த்தார். தட்டை எடுத்துக்கொண்டு போனார். மதியம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், திறக்காத சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கோபமா?" என்று கேட்டாள்.

"இல்ல. மூடி வரல."

இதில்தான் கல்யாணமே முடிவாயிற்று என்று அவள் தம்பி எல்லோரிடமும் சொல்வான். டப்பாவைப் பிடித்திருந்த கைகள் நடுங்கியதை மட்டும் அவள் தம்பியிடம்கூடச் சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலையை விட்டாள். வீட்டை ஒட்டி காருக்கென்று ஒரு கொட்டகை இருந்தது. கார் வரவில்லை, சிறிய மில்லிங் மிஷின் ஒன்று வந்தது. தொழிற்சாலை மிஷின் யானை என்றால் இது கன்றுக்குட்டி. வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு அவர் கொட்டகைக்குள் போய்விடுவார். துணி பின்னும் மிஷின்களைப் பழுது பார்க்கும் பின்னல்காரர் ஒருவர் அவருக்கு வேலை கொடுத்து வந்தார். கையகல எஃகுக் கட்டை. அதில் ஒரு காடி, நேராக ஓடும் பள்ளம். ஓரத்திலிருந்து காடியின் சுவர்வரை உள்ள தூரம் சரியாக இருக்க வேண்டும். பிசகினால் ஊசிகள் வரிசையாக உடையும். அந்தத் தூரத்தைச் சோதிக்கப் பின்னல்காரர் ஒரு கேஜும் கொடுத்திருந்தார். கட்டையின் மேல் அது நுழைந்தால் சரி. இறுக்கி அதைத் தொட்டதில்லை. கவ்வி அளக்கும் தன் வெர்னியர் போதும் என்றார். கட்டைகளை எண்ணெய்த்தாளில் சுற்றிக் கட்டும் மனைவியிடம் கேஜ் போய்ச் சேர்ந்தது.

ஒரு கட்டைகூடத் திரும்பி வந்ததில்லை.

"உன் கட்டையைப் போட்டா ஊசி உடையறதே இல்லப்பா" என்றார் பின்னல்காரர். "அந்த வேலையை விட்டுட்டு வா. என் வேலை முழுக்க உனக்குத்தான். ஞாயித்துக்கிழமை வரேன், பதில் சொல்லு."

இறுக்கி அன்று சாப்பிடும்போது இரண்டு முறை தனக்குள் சிரித்துக்கொண்டார். திங்கட்கிழமை மேனேஜரிடம் சொல்லிவிடலாம் என்றார். மனைவி தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி ஒரு நொடி நின்றது.

"முதல்ல அந்த நம்பர் பெட்டியை மாட்டுங்க" என்றாள். "வாங்கிப் போட்டு எவ்வளவு நாளாச்சு."

"என் கைக்குத் தெரியாததா பெட்டிக்குத் தெரியப் போகுது?"

"மாட்டித்தான் பாருங்களேன்."

கட்டையைச் சுமந்து நகரும் மிஷின் டேபிள் எவ்வளவு நகர்ந்தது என்பதை எண்ணாகக் காட்டும் பெட்டி அது. அதுவரை அவர் கைப்பிடியின் சுற்றுகளை எண்ணித்தான் வேலை செய்தார். இத்தனை முழுச் சுற்று, அப்புறம் டயலில் இத்தனை கோடு. கட்டையின் தூரம் அவர் தோளில் இருந்தது. எண்ணாகக் கேட்டால் படத்தைப் பார்த்துத்தான் சொல்வார்.

வார நடுவில் வந்த ஒரு விடுமுறை நாளில் மைத்துனன் உதவிக்கு வந்தான். எலெக்ட்ரீஷியன், வாய் ஓயாதவன். டேபிளின் பின்பக்கம் வார்ப்பிரும்பில் துளை போட்டு மரை வெட்டினார்கள். கறுப்புத் தூள் கொட்டியது. கண்ணாடி ஸ்கேல் உள்ளே இருக்கும் நீளமான அலுமினியக் குழலை, குழந்தையைத் தூக்குவதுபோல இருவரும் தூக்கி வைத்தார்கள். அதன் மேல் ஓடும் சிறு தலையை ஒரு தகட்டில் பொருத்தி மிஷினின் உடம்போடு சேர்த்தார்கள். குழல் டேபிளுக்கு இணையாக இருக்கிறதா என்று முள் காட்டும் கேஜை வைத்து மூன்று முறை பார்த்தார் இறுக்கி.

"மாமா, அந்த ஸ்குரூவை என்கிட்ட குடுங்க. நீங்க முடுக்கினா கண்ணாடி தூளாயிரும்."

"நிக்கணுமில்லடா."

"நிக்கும். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, எல்லாம் நிக்கும்."

பெட்டியில் சிவப்பு எண்கள் எரிந்தன. மறுநாள் வேலைக்குச் சௌகரியமாக, கட்டையைக் கவ்வும் வைஸில் அது முட்டி நிற்கும் இடத்துக்கு, காடி வெட்டும் கட்டரின் நடுவைக் கொண்டுவந்தார் இறுக்கி. டேபிளை நகராதபடி பூட்டினார். பிறகு பூஜ்யத்தை அழுத்தினார். பெட்டியை அணைக்காமல் விட்டுவைத்தார். தானாக எண் ஓடுகிறதா என்று ஒரு நாள் முழுக்கப் பார்க்க வேண்டும் என்று பெட்டியோடு வந்த சீட்டில் போட்டிருந்தது.

அடுத்த நாள் மாலை கொட்டகைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

46.35.

பூஜ்யம் எங்கே போயிற்று என்று புரியவில்லை. ஸ்கேலைத் தொட்டுப் பார்த்தார். அசையவில்லை. வயர்களை ஆட்டினார். எண் அசையவில்லை. மைத்துனனுக்கு போன் செய்தார்.

"எர்த் சரியில்லையா இருக்கும் மாமா. இல்லேன்னா பேய்."

"யாராவது உள்ள பூந்துருப்பாங்களோ?"

"திருடன் வந்து மில்லிங் ஓட்டிட்டா போவான்? எர்த்தைப் பாருங்க."

எர்த்தைப் பார்த்தார். எல்லா ஸ்குரூவையும் இன்னொரு முறை இறுக்கினார். டேபிளை மறுபடி அதே இடத்துக்குக் கொண்டுவந்து பூஜ்யமாக்கி விட்டுப் போனார். மறுநாள் தொழிற்சாலையில் அவருக்கு வேலை ஓடவில்லை. மாலையில் உடை மாற்றாமல் நேராகக் கொட்டகைக்குப் போனார்.

46.35.

கெட்டுப்போன பெட்டி இரண்டு முறை ஒரே எண்ணில் வந்து நிற்காது. இது அவருக்கு உறைத்தது. சுவரில் ஒட்டியிருந்த கட்டையின் படத்தைப் பார்த்தார். ஓரத்திலிருந்து காடிச் சுவர்வரை 41.35. கட்டரின் பாதி ஐந்து. கூட்டிப் பார்க்க அவசியமில்லை. ஆனாலும் விரல் விட்டுக் கூட்டினார். டேபிள் தானாக நகர்ந்திருந்தால் இந்த இடத்தில் வந்து நின்றிருக்காது. படம் தெரிந்த ஒரு கைதான் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும்.

கீழே, அவர் காலையில் கூட்டிவிட்டுப் போன தரையில், மயிரிழைபோல மெல்லிய எஃகுச் சுருள்கள் கிடந்தன.

மனைவி சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியிலேயே நின்றார்.

"மிஷினை யாரு தொட்டது?"

"நான்தான்." கத்தி நிற்கவில்லை.

"எதுக்கு?"

"கட்டை கேஜ்ல போகல."

"எந்தக் கட்டை?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "எல்லாம்" என்றாள்.

அவர் நாற்காலியைத் தேடினார். நாற்காலி பக்கத்தில்தான் இருந்தது, கைக்கு அகப்படவில்லை.

"எப்பலேருந்து?"

"பின்னல்காரர் முதல் தடவை வேலை குடுத்ததுலேருந்து. நீங்க வேலைக்குப் போனப்புறம் ஒவ்வொண்ணா வைஸ்ல வச்சு மிச்சத்தை எடுப்பேன். முடிஞ்சதும் கைப்பிடியை நீங்க விட்ட கோட்டுல கொண்டுபோய் வச்சுருவேன்."

"நான் வெர்னியர்ல பாத்துத்தானே குடுத்தேன். சரியா இருந்துச்சே."

"நீங்க வெர்னியரை எப்படிப் பிடிப்பீங்க?"

அவர் தன் கையைப் பார்த்தார். கட்டையின் மேல் வெர்னியரை வைத்து நெரிப்பவர் அவர். நெரித்தால் அது அளவைக் குறைத்துக் காட்டும், நல்ல செய்தியைத்தான் சொல்லும்.

"வாங்க" என்று அவள் கொட்டகைக்கு நடந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தாள். பூட்டைத் தளர்த்தி, கொஞ்சம் பின்னால் போய்த் திரும்பி வந்து, 46.35 என்ற எண்ணில் நிறுத்தினாள். அந்தக் கையை அவர் அதுவரை மிஷினில் பார்த்ததில்லை. பல வருஷம் அங்கேயே இருந்த கை.

"இப்ப நீங்க பூட்டுங்க. பெட்டியைப் பாத்துக்கிட்டே பூட்டுங்க."

அவர் பூட்டின் பிடியைத் திருகினார். வழக்கம்போலத் திருகினார். கடைசி எண் ஐந்திலிருந்து ஆறானது. ஏழு, எட்டு. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு இழுப்பு இழுத்தார். 46.40.

தளர்த்தினார். மறுபடி பூட்டினார். மறுபடி 46.40. ஒவ்வொரு கட்டையிலும் காடி இவ்வளவு தள்ளித்தான் விழுந்திருக்கும். யாரோ தன் கையைப் பிடித்துத் தள்ளுவதுபோல இருந்தது அவருக்கு. பொருள் நகரக் கூடாது என்றுதான் அவர் வாழ்நாள் முழுவதும் இறுக்கினார். இறுக்கியதால்தான் அது நகர்ந்தது.

"தொழிற்சாலையில இப்படி ஆகறதில்லையே" என்றார்.

"அது பெரிய மிஷின். நீங்க தொங்கினாலும் அசையாது. இது தாங்காது. கொஞ்சம் தொட்டாப்ல பூட்டினாப் போதும்."

"தொட்டா எப்படி நிக்கும்?"

அவள் இரண்டு விரலால் பூட்டினாள். எண் நின்றது.

அவர் இரண்டு விரலால் பூட்டிப் பார்த்தார். மூன்றாவது விரல் தானாக வந்து சேர்ந்துகொண்டது. 46.38.

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே, ஒரு தடவை" என்றாள். தண்ணீர்த் தொட்டியும் மடியில் டப்பாவும் அவருக்கு நினைவு வந்தன.

"நேத்து பெட்டி எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு" என்றாள் அவள். "பூஜ்யத்துக்குத் திருப்பி வைக்கத்தான் கை போச்சு. வைக்கல. ஞாயித்துக்கிழமை அவர் வந்து கேட்டா நீங்க சரின்னுருவீங்க. வேலையை விட்டுருவீங்க. அப்புறம் நாள் முழுக்க நீங்க இங்கயே நின்னா நான் எப்ப…"

அவள் முடிக்கவில்லை. அவர் திங்கட்கிழமைக்குப் பிறகு போகும் முதல் கட்டு கட்டைகளை நினைத்துப் பார்த்தார். வரிசையாக உடையும் ஊசிகளை நினைத்துப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னல்காரர் வந்தார். உட்காருவதற்கு முன்பே கேட்டார்.

"என்னப்பா, மேனேஜர்கிட்ட சொல்லியாச்சா?"

"இல்ல. நீங்க புகழ்ந்தீங்களே அந்தக் கை, அது என் கை இல்ல." இறுக்கி சமையலறைப் பக்கம் தலையை அசைத்தார். "அவ கை."

பின்னல்காரர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். இறுக்கி பெட்டியைக் காட்டி, பூட்டிக் காட்டி, எண் ஓடுவதைக் காட்டினார். பின்னல்காரர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப இத்தனை வருஷமா நீ என்னதான் பண்ணினே?"

"நான் இறுக்கிக்கிட்டு இருந்தேன்."

பின்னல்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நீங்க எடுத்துச் செய்வீங்களாம்மா?"

அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் கைகளைப் பார்த்தாள். அவை சும்மா தொங்கின, நடுங்கவில்லை.

"செய்யறேன். சாயங்காலம் அவர் வந்து முரட்டு வெட்டு வெட்டித் தரட்டும்" என்றாள். "கடைசிப் பூட்டு என்னுது."

"அப்ப நான் உனக்கு ஹெல்பரா?" என்றார் இறுக்கி.

"ஒழுங்கா இருந்தா."

திங்கட்கிழமை அவர் வழக்கம்போலத் தொழிற்சாலைக்குக் கிளம்பிப் போனார். மேனேஜரிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் பாத்திரங்களைக் கழுவிவிட்டுக் கொட்டகைச் சாவியை எடுத்தாள். முதல் முறையாக, அவர் தெருமுனையைத் தாண்டட்டும் என்று காத்திராமல் எடுத்தாள். அப்போது குளியலறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தவள் திடுக்கிட்டு நின்றாள்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.