சீப்பு ஜெல்லிக்கு அரைப்பக்கம்

குழந்தைகள் பக்கத்துக்கு எழுதுகிற நாங்கள் முக்கியமான வரியைக் கடைசியில் வைப்போம்; இடம் போதாவிட்டால் பத்திரிகைக்காரர்கள் கடைசி வரியைத்தான் வெட்டுவார்கள். இருபத்தெட்டு வருடமாக இதுதான் என் தொழில். உங்களில் யாராவது இதே பாவத்தைச் செய்துகொண்டிருந்தால் என்னைப் புரிந்துகொள்வீர்கள்.

ஒரு கடிதம்

கோட்டைப்பட்டினத்திலிருந்து ஐந்தாம் வகுப்பு சுமையா எழுதியிருந்தாள். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, படகைக் கட்டிவைக்கும் இடத்தில், தண்ணீருக்குள் கண்ணாடி போல ஒரு உயிர் மிதந்ததாம். அதன் உடம்பில் வானவில் கோடு கோடாக ஓடியதாம். வகுப்பில் சொன்னபோது டீச்சர் நம்பவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது: சீப்பு ஜெல்லி. இழுது மீன் என்கிற ஜெல்லிமீன் போலத் தெரியும், ஆனால் கொட்டாது. கடிதத்தின் கடைசி வரி என்னை உட்காரவிடவில்லை: "பொய்னு ஒத்துக்கிட்டாத்தான் ஒக்காரலாமாம். சயின்ஸ் பீரியட் பூரா நிக்கிறேன். நீங்க பேப்பர்ல போட்டா ஒக்காந்துருவேன் சார்."

பின்வாசல்

அரைப்பக்கம் எழுதினேன். சீப்பு ஜெல்லிகளில் ஒரு வகைக்கு நிரந்தரமான ஆசனவாய் கிடையாது. தேவைப்படும்போது திறக்கும், வேலை முடிந்ததும் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும் என்றும் எழுதியிருந்தேன்.

பொறுப்பாசிரியர் சிவப்புப் பேனாவோடு கூப்பிட்டார். பக்கத்திலேயே கும்பாபிஷேக விளம்பரம் வருகிறதாம். "ஆனால் உண்மை சார்" என்றேன். அவர் அந்தப் பத்தியை அடித்துக்கொண்டே சொன்னார்: "அதுக்கே தேவைப்பட்டாத்தான வருது? நாமளும் தேவைப்படும்போது போட்டுக்குவோம்."

ஓவியர்

ஓவியர் வரைந்த ஜெல்லிக்கு இரண்டு பெரிய கண், இமைமயிர், கையில் ஒரு சீப்பு. கண்ணும் கையும் கிடையாது என்று பொறுமையாகச் சொன்னேன். உடம்பில் எட்டு வரிசை உண்டு. ஒவ்வொரு வரிசையிலும் நுண்ணிய மயிர்கள் சீப்பு சீப்பாக ஒட்டியிருக்கும். அவை அடித்துத்தான் அது நீந்தும். மூளைகூட இல்லை, நரம்பு வலை மட்டும்தான்.

அவர் அழிப்பானை எடுத்தார். "மூளையே இல்லாததுக்கு எதுக்கு சார் அரைப்பக்கம்? இங்க நிறைய பேருக்கு கால்பக்கம்கூடக் கெடைக்கல."

வண்ணப் பக்கம்

சனிக்கிழமை பேப்பரைப் பிரித்தேன். வண்ணப் பக்கத்தை அறந்தாங்கி நகைக்கடை விளம்பரத்துக்கு வாங்கிவிட்டது. என் வானவில் சாம்பல் நிறத்தில் இருந்தது. கடைசி இரண்டு வரி காணவில்லை. "இந்த நிறங்கள் அதன் சொந்த வெளிச்சம் அல்ல. அடிக்கும் சீப்புகளில் வெயில் பட்டுச் சிதறும்போதுதான் தெரியும்" என்ற வரிகள் அவை.

பக்கம் கட்டுகிறவரிடம் போய் நின்றேன். அவர் கணினியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "வானவில்னு எழுத்துல இருக்குல்ல சார்? பிள்ளைக கலரா நெனச்சுக்கும்."

ஊறுகாய் பாட்டில்

திங்கட்கிழமை பஸ் பிடித்துப் பள்ளிக்கே போனேன். புரொஜெக்டருக்காக ஜன்னல்களைச் சாத்தி வகுப்பை இருட்டாக்கியிருந்தார்கள். மேஜையில் ஊறுகாய் பாட்டில் நிறையக் கடல்தண்ணீர். காலையில் சுமையா மொண்டுவந்த ஜெல்லி அதற்குள் இருந்தது. நிறம் ஒன்றும் இல்லை. சுமையா நின்றுகொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னதும் டீச்சர் என் கட்டுரையைத் தட்டிக் காட்டினார். "வானவில்னு போட்டிருக்கீங்க. எங்கங்க சார்? இப்ப நீங்களும் சேந்து நிக்கிறீங்களா?"

வெட்டுப்பட்ட இரண்டு வரியையும் வாயால் சொன்னேன். பாட்டிலை வெயிலுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். முற்றத்துச் சுவர்மேல் வைத்ததும் எட்டு வரிசையிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. பிள்ளைகள் கத்தினார்கள். டீச்சர் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது சிலபஸ்ல இல்லைங்க" என்றார். பிறகு குரலைத் தணித்து, "பொய் இல்லம்மா. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். போயி ஒக்காரு" என்றார்.

சுமையா பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருங்க டீச்சர், நின்னாத்தான் தெரியுது."

அன்றிலிருந்து முக்கியமான வரியை முதலில் வைக்கிறேன். தலைப்பைப் பெரிதாகப் போட வேண்டும் என்று இப்போது முதல் வரியை வெட்டுகிறார்கள்.